பொதுச் சுவரும் மராமத்துப் பணமும்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்து வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை வரிசை வீடுகள். குறுகலான முகப்பும் நீண்ட உடலுமாகச் செங்கல்லில் எழுப்பிய இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், தெருமுனை முதல் தெருமுனை வரை இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கும். நம் அக்கிரகாரங்களிலும் பழைய கடைத்தெருக்களிலும் இருப்பதைப் போல இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். மாடித் தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் இருபக்கத்திலிருந்தும் அந்தச் சுவருக்குள்தான் செருகியிருக்கும். மேலே பெரும்பாலும் தட்டைக் கூரை. கூரையில் ஒட்டிய தார்த்தாள் வெடித்தால் மழைநீர் முதலில் அந்த வீட்டின் மேல்மாடியில் சொட்டும். கவனிக்காமல் விட்டால் சுவரோடு இறங்கும். சட்டங்களின் நுனி ஊறி உளுத்துப்போகும். செங்கற்களுக்கு நடுவில் உள்ள சாந்து கரையும். சில ஆண்டுகளில் அடுத்த வீட்டுக்காரர் தம் பக்கத்துச் சுவர்ப்பூச்சில் ஈரம் பூத்திருப்பதைக் காண்பார். அவர் தம் கூரையை ஒழுங்காகப் பேணி வந்தவராக இருக்கலாம். அதனால் அவருக்குப் பயன் ஏதும் இல்லை. பழுதான வீடு ஆளற்றுப்போய்க் கடைசியில் இடிக்கப்பட்டால் நிலைமை இன்னும் கெடும். மழையும் வெயிலும் படுவதற்காகக் கட்டப்படாத உட்சுவர் ஒரே நாளில் வெளிச்சுவராகிவிடும். அதற்குப் புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசாவிட்டால் அடுத்தடுத்த வீடுகளும் அதே வழியில் போகும்.

தமிழில் மராமத்து என்றொரு சொல் உண்டு. ஏரிக்கரை உடைப்பை அடைப்பதற்கும் வீட்டுக்கூரை ஒழுகலை நிறுத்துவதற்கும் அதே சொல்தான். பொதுப்பணித் துறைக்கு மராமத்து இலாகா என்று பெயர் வழங்கிய காலம் உண்டு. ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடுவது குடிமராமத்து. கரை பொதுச் சொத்து, கூரை தனிச் சொத்து என்ற பிரிவினையை அந்தச் சொல் ஏற்கவில்லை. ஏழை வீட்டுக்காரர்களுக்கு உள்ளாட்சி தரும் பழுதுபார்ப்புப் பணத்தைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல பத்தாண்டுகளாக இந்தப் பணம் ஒரு நலத்திட்டமாக, அதாவது இரக்கத்தின் பேரில் தரப்படும் உதவியாகவே கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டுப்படுகிறது. இது குடிநீர்க் குழாயையும் சாலையையும் போன்ற மராமத்துச் செலவு என்றும், அப்படிப் பார்த்தால் இதன் பெரும்பகுதி கடனாக இல்லாமல் மானியமாகவே இருக்க வேண்டும் என்றும், தனித்தனி வீட்டை எண்ணாமல் தெருவை எண்ணிச் செலவிட வேண்டும் என்றும் சான்றுகளே நம்மை இட்டுச்செல்கின்றன.

பணம் இல்லாதவர் கையில் வீடு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1950இல் ஃபிலடெல்ஃபியாவின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆலைகள் மூடப்பட, வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர, 2000இல் அது 15 லட்சமாகச் சுருங்கியது. வீடுகளின் விலை விழுந்தது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்களும் பிறகு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் அந்த வீடுகளை வாங்கினார்கள். 1930களிலேயே வீட்டுக்கடன் அதிகாரிகள் அவர்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதிவைத்திருந்தார்கள். வங்கி வாசலை மிதிக்காமல், சிறுகச் சிறுக அடைத்து வாங்கிய வீடுகள் அவற்றில் ஏராளம். ஆகவேதான் இந்த நகரம் ஒரு விசித்திரமான கலவை. அமெரிக்காவின் பத்துப் பெரிய நகரங்களில் வறுமை விகிதம் மிக அதிகமாக இருந்துவந்த நகரம் இது. ஆனால் இங்கே குடும்பங்களில் ஏறத்தாழ பாதி சொந்த வீட்டில் வாழ்கின்றன. வீட்டுக்கடன் அடைந்துவிட்டது, வாடகை இல்லை, கையில் பணமும் இல்லை. கொதிகலன் நின்றாலோ கழிவுநீர்க் குழாய் வெடித்தாலோ அந்த ஒரு பழுதே குடும்பத்தைக் கவிழ்த்துவிடும். ஃபிலடெல்ஃபியா பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு நிலவரப்படி நாடு முழுவதும் மக்கள் குடியிருக்கும் வீடுகளைச் செப்பனிட 12,690 கோடி டாலர் தேவை என்று கணக்கிட்டார்கள். இது வீட்டை அழகுபடுத்தும் செலவு இல்லை. ஒழுகல், விரிசல், வெப்பமின்மை, மின்கம்பிக் கோளாறு போன்ற அடிப்படைக் குறைகளை நீக்கும் செலவு மட்டுமே.

அரசு இதைக் கவனிக்காமல் இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1950களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் புல்டோசர்கள் பழைய பகுதிகளைத் தரைமட்டமாக்கியபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 1964ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 312ஆம் பிரிவு பழைய வீடுகளைச் செப்பனிட 3 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடன் தர வழிசெய்தது. அடுத்த ஆண்டே, அந்தக் கடனையும் அடைக்க இயலாதவர்களுக்கு 1,500 டாலர் வரை மானியம் என்று 115ஆம் பிரிவு வந்தது. கடனைத் தொடங்கிய ஓராண்டுக்குள் மானியமும் வேண்டியிருந்தது என்பதை இந்த வரலாற்றின் முதல் பாடமாகக் கொள்ளலாம். 1974இல் இப்படிப்பட்ட பல திட்டங்களை ஒன்றாக்கி, சமூக வளர்ச்சித் தொகுப்பு மானியம் என்ற பெயரில் மத்திய அரசு நகரங்களுக்கு மொத்தமாகப் பணம் தரத் தொடங்கியது. எதற்குச் செலவிடுவது என்பதை நகரமே முடிவு செய்யலாம். இன்று அமெரிக்க ஊர்களில் நகராட்சி தரும் வீட்டுப் பழுதுபார்ப்பு உதவியில் பெரும்பகுதி இந்தத் தொகுப்பிலிருந்துதான் வருகிறது. முடிவு ஊருக்குள் எடுக்கப்படுவது நல்லதுதான். ஆனால் அதே தொகுப்பிலிருந்துதான் நடைபாதையும் பூங்காவும் முதியோர் மையமும் பங்கு கேட்கின்றன. திறப்பு விழா நடத்த முடிகிற வேலையோடு, யார் கண்ணுக்கும் தெரியாத கூரை வேலை போட்டி போட வேண்டியிருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் இந்தப் பணத்தின் முக்கிய வடிகால் அடிப்படை அமைப்புகள் பழுதுபார்ப்புத் திட்டம். மின்சாரம், குழாய், வெப்பமூட்டி, கூரை, கட்டமைப்பு ஆகிய பழுதுகளைக் குறைந்த வருமானமுள்ள வீட்டுக்காரர்களுக்கு நகரமே ஒப்பந்தக்காரர்களை அனுப்பி இலவசமாகச் சரிசெய்து தருகிறது. இதன் விளைவை அளந்த ஆய்வொன்று 2021இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இணைய இதழில் வெளிவந்தது. யூஜீனியா சவுத் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு அது. 2006 முதல் 2013 வரை பழுதுபார்க்கப்பட்ட 13,632 வீடுகளையும் அவை இருக்கும் 6,732 தெருப்பக்கங்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை ஒரு பக்கத்து வரிசை என்பதே ஒரு தெருப்பக்கம். அதே தகுதி இருந்தும், விண்ணப்பித்தும், முறை வராமல் காத்திருந்தவர்களின் தெருப்பக்கங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். பழுதுபார்த்த தெருப்பக்கங்களில் மொத்தக் குற்றங்கள் 21.9 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு வரிசையில் பழுதுபார்த்த வீடுகள் கூடக்கூடக் குற்றம் இன்னும் குறைந்தது. வீட்டுக்கு ஏறத்தாழ 20,000 டாலருக்கு மிகாமல் செலவழித்து, பெரும்பாலும் கூரைக்கு மேலும் சுவருக்கு உள்ளும் நடந்த வேலை தெருவில் குற்றத்தைக் குறைத்தது என்பது முதலில் நம்பச் சிரமமாக இருக்கும். வெப்பமும் வெளிச்சமும் உள்ள வீட்டில் ஆட்கள் தங்குகிறார்கள். ஆட்கள் தங்கும் வீடு பாழ்வீடாவதில்லை. வாசற்படியில் உட்காரும் ஆட்கள் இருக்கும் தெருவில் எதையும் மறைவாகச் செய்வது கடினம். இப்படித்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பழுதுபார்த்த வீட்டின் உரிமையாளருக்குக் கிடைத்த பயனைவிட அந்தத் தெருவுக்குக் கிடைத்த பயனைத்தான் இந்த ஆய்வு அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஆய்வுக்கு மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றவும் கூடாது. குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடுக்காமல் செய்த சோதனை அன்று அது. முன்கூட்டி விண்ணப்பித்தவர்கள் சற்றுச் சுறுசுறுப்பானவர்களாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் வாழும் தெரு எப்படியும் கொஞ்சம் முன்னேறியிருக்கலாம். ஆனால் ஒப்பிடப்பட்டவர்களும் விண்ணப்பித்தவர்களே என்பதால் அந்த ஐயத்தின் பெரும்பகுதி விலகுகிறது. குற்றம் குறைந்தது என்ற முடிவை முழுதாக ஒதுக்கிவைத்தாலும் பொதுச் சுவர் அங்கேயே இருக்கிறது; நீர் அதற்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதோடு 1978க்கு முன் பூசிய ஈயம் கலந்த வண்ணம் ஈரத்தில் உரிந்து குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போவதும், பூஞ்சை பிடித்த சுவர் மூச்சிரைப்பைக் கூட்டுவதும் யாரும் மறுக்காத மருத்துவ உண்மைகள். அந்தச் செலவை வேறொரு துறை ஏற்றுக்கொண்டிருப்பதால் வீட்டுக் கணக்கில் அது தெரியாமல் போகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. மானியம் கொடுத்தால் பணம் ஒரு முறையோடு தீர்ந்துவிடும். கடனாகக் கொடுத்தால் திரும்பி வந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். அப்படியிருக்க எதற்காக மானியம்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல மரபும் இருக்கிறது. 1968இல் பிட்ஸ்பர்க் நகரின் வடபகுதியில் டோரத்தி மே ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி தம் பகுதிக்காரர்களைத் திரட்டினார். பகுதியை இடித்துவிடலாம் என்ற பேச்சை ஏற்க மறுத்தார். பதினாறு நிதி நிறுவனங்களிடம் பேசி 7.5 லட்சம் டாலர் பெற்று, வங்கிகள் திருப்பி அனுப்பியவர்களுக்கே கடன் தரும் சுழல்நிதி ஒன்றை உருவாக்கினார். யாருக்குக் கடன், எந்தத் தவணை என்பதில் பகுதிக்காரர்களே முடிவு சொன்னார்கள். அந்த முயற்சிதான் பிறகு நாடு முழுவதும் பரவி, 1978இல் மத்திய அரசின் சட்டப்படி ஒரு தேசிய அமைப்பாக வளர்ந்தது. ஆகவே கடன் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. மாத வருமானம் உள்ள, ஆனால் வங்கி ஏற்காத குடும்பத்துக்கு அது மிக நல்ல கருவி. ஃபிலடெல்ஃபியா நகரமும் 2019இல் 3 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வழக்கமாக வங்கிகள் கேட்பதைவிடக் குறைவான கடன் மதிப்பெண்ணே போதும் என்றும் வைத்தது. அது தகும்.

கடன் யாருக்கு எட்டாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 20,000 டாலரை 3 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 193 டாலர் கட்ட வேண்டும். வருமானமும் சேமிப்பும் மிகக் குறைந்த முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் மத்திய அரசு தரும் துணை வருமானம் 2024இல் தனி நபருக்கு மாதம் அதிகபட்சம் 943 டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு கூரைக்குப் போனால் மருந்தும் மின்கட்டணமும் எங்கிருந்து வரும்? வட்டியைச் சுழியாக்கினாலும் தவணை 167 டாலருக்குக் கீழே இறங்காது. மேலும் கூரை மோசமான வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீடு தரத் தயங்குகின்றன. காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. கடன் கிடைக்காததால் கூரையும் சரியாகாது. அமெரிக்க வங்கிகள் வீடு வாங்கும் கடனைவிட வீடு செப்பனிடும் கடனையே அதிகமாக மறுக்கின்றன என்பதும், மறுக்கப்படுவோரில் கறுப்பினத்தவர் விகிதம் கூடுதல் என்பதும் அரசே ஆண்டுதோறும் வெளியிடும் கடன் விவரங்களில் தெரிகிறது. திரும்பி வரும் என்று நம்பிக் கடனுக்கே முழுப்பணத்தையும் ஒதுக்கும் நகரம், பழுது மிக அதிகமான வீடுகளைத் தவிர்த்துவிட்டு ஓரளவு நல்ல வீடுகளை மேலும் நல்லதாக்கும். பொதுச் சுவருக்கு அதனால் பயன் குறைவு. சுவரை நனைப்பது மிக மோசமான கூரைதானே.

கடனா மானியமா என்ற விவாதத்துக்கும் முன்பே பலர் வழியில் விழுந்துவிடுகிறார்கள். காரணம் பத்திரம். பாட்டி பெயரில் வீடு. பாட்டி இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிறது. பேத்தி அங்கேயே வளர்ந்தாள், வரி கட்டுகிறாள், குழந்தைகளையும் அங்கேயே வளர்க்கிறாள். பத்திரம் மட்டும் பாட்டி பெயரிலேயே இருக்கிறது. வாரிசுரிமைப் பதிவுக்குக் கட்டணம், வழக்கறிஞர் செலவு, ஃபிலடெல்ஃபியா அமைந்த பென்சில்வேனியா மாநிலத்தில் பிள்ளைகளுக்கும் 4.5 விழுக்காடு பரம்பரைச் சொத்து வரி, எங்கெங்கோ சிதறிக்கிடக்கும் மற்ற வாரிசுகளின் கையொப்பம் என்று எல்லாம் சேர்ந்து ஏழைக் குடும்பத்தை அந்தப் பக்கமே போகவிடாது. பியூ அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஃபிலடெல்ஃபியாவில் இப்படிச் சிக்கலான உரிமையுள்ள வீடுகள் 10,000க்கும் மேல் என்றும் அவற்றின் மதிப்பு 110 கோடி டாலருக்கும் மேல் என்றும் கணித்தது. பெரும்பாலும் வறுமையும் கறுப்பின மக்கள்தொகையும் அதிகமுள்ள பகுதிகளில் அவை செறிந்திருக்கின்றன. பட்டா மாறாத நிலத்தால் பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் கைநழுவிப்போகும் வேதனையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுதுபார்ப்புத் திட்டங்கள் உரிமையைக் காட்டு என்று கேட்பதில் தவறில்லை. யார் வீட்டிலோ யாரோ கேட்டு வேலை செய்துவிட முடியாது. ஆனால் உரிமையைச் சீராக்கும் செலவைத் திட்டத்தின் பகுதியாகவே வைக்காத நகரம், மிகவும் தேவைப்படுபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இலவசச் சட்ட உதவி மையங்களுக்கும் பத்திரச் சிக்கல் நிதிக்கும் ஃபிலடெல்ஃபியா கொஞ்சம் பணம் ஒதுக்குகிறது. அதை இரக்கச் செலவாகப் பார்க்காமல் சாரம் கட்டும் செலவாகப் பார்க்க வேண்டும். சாரம் இல்லாமல் கூரையில் ஏற முடியாது.

மானியத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகக் கனமான வாதம் வேறொன்று: பொதுப்பணம் தனியார் சொத்தின் விலையை உயர்த்துகிறது, கடைசியில் அந்த விலையேற்றமே ஏழைகளை வெளியேற்றுகிறது. இது கற்பனைப் பயம் அன்று, இங்கிலாந்தில் நடந்தது. 1949 முதலே அங்கு உள்ளாட்சிகள் வீட்டு மேம்பாட்டு மானியம் தந்துவந்தன. 1969ஆம் ஆண்டுச் சட்டம் மானியத்தின் உச்ச வரம்பை 400 பவுண்டிலிருந்து 1,000 பவுண்டாக உயர்த்தியது, நிபந்தனைகளையும் தளர்த்தியது. லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் உள்ள பார்ன்ஸ்பரி போன்ற இடங்களில் வீட்டு வணிகர்கள் வாடகைக் குடித்தனங்களை ஏதேனும் கொடுத்தோ மிரட்டியோ வெளியேற்றிவிட்டு, மானியத்தில் வீட்டைப் புதுப்பித்து, வசதியானவர்களுக்கு விற்றார்கள். வரிப்பணமே குடியிருந்தவர்களை விரட்டியது. ஐந்தே ஆண்டுகளில் நாடாளுமன்றம் திருத்த வேண்டியதாயிற்று. 1974ஆம் ஆண்டுச் சட்டம், மானியம் பெற்ற வீட்டைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்றாலோ வேறு வகையில் பயன்படுத்தினாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தது. இந்த வரலாற்றை மானியத்தின் தோல்வி என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அது நிபந்தனையில்லாத மானியத்தின் தோல்வியாகவே தெரிகிறது. குடியிருக்கும் உரிமையாளருக்கு மட்டும், வருமான வரம்போடு, ஐந்து அல்லது பத்து ஆண்டுகளில் தானாகக் கழியும் அடமானத்தோடு தரும் பணத்தில் வணிகர் புக வழி குறைவு. வாடகை வீட்டுக்குக் கொடுத்தால் வாடகையை உயர்த்தாமல், குடித்தனத்தை வெளியேற்றாமல் இருந்தால்தான் கடன் கழியும் என்று எழுதலாம். விலையேற்றத்தால் சொத்துவரி உயர்வதற்கும் மருந்து உண்டு. ஃபிலடெல்ஃபியா 2013, 2014 வாக்கில் சொத்து மதிப்புகளைப் புதிதாகக் கணித்தபோது, மதிப்பு மும்மடங்கான வீடுகளில் நெடுங்காலமாக வாழும் உரிமையாளர்களுக்கு வரியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும் செய்தது. பழுதுபார்க்கும் அலுவலகமும் வரி அலுவலகமும் ஒன்றையொன்று அறிந்து செயல்பட வேண்டும் என்பதே தேவை.

அதே இங்கிலாந்து இன்னொன்றையும் காட்டியது. 1970களின் இறுதியில் பர்மிங்காம் நகராட்சி தனித்தனி விண்ணப்பங்களுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, சால்ட்லி போன்ற உழைக்கும் மக்கள் பகுதிகளில் ஒரு வரிசை முழுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. கூரை, புகைபோக்கி, மழைநீர்க் குழாய், சன்னல், வெளிச்சுவர் என்று வீட்டின் புறவோட்டை நகராட்சியே தன் செலவில் சரிசெய்து கொடுத்தது. உள்வேலைக்கு வீட்டுக்காரர் தனியாக மானியம் கேட்கலாம். சாரம் ஒரு முறை கட்டினால் இருபது வீட்டுக்குப் போதும். ஒரு வீட்டுக்கூரையும் அடுத்த வீட்டுக்கூரையும் சேரும் இடத்தில் ஈயத்தகடு இரண்டு பக்கமும் ஒன்றாகப் பதியும். யார் கேட்டார், யார் கேட்கவில்லை, யாருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும் என்ற வேறுபாடு மறைந்துவிடும். பொதுச் சுவருக்கு இதைவிடச் சரியான பதிலை வேறெந்த நகராட்சியும் தந்ததாக நான் அறியேன். வசதியுள்ள ஒருவரின் வீடும் அந்த வரிசையில் இலவசமாகச் சரியாகிவிடும் என்பது இதன் மீதுள்ள குறை. ஏழைகளே மிகுந்த தெருக்களைத் தேர்ந்தெடுக்கும்வரை அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். தெருவிளக்கு யார் வாசலிலும் எரிகிறது. அதற்காக யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. செலவு அதிகம் என்ற காரணத்தால் இந்த முறை மெல்லக் கைவிடப்பட்டது. பின்னர் 1989ஆம் ஆண்டுச் சட்டம் மானியத்துக்கு வருமான அளவுகோலைக் கொண்டுவந்தது. 2002ஆம் ஆண்டு ஆணை உள்ளாட்சிகளைக் கடன் பக்கம் திருப்பியது. 2010இல் தனியார் வீடுகளைப் புதுப்பிக்க மத்திய அரசு தனியே ஒதுக்கிவந்த நிதி நிறுத்தப்பட்டது. உடல் ஊனமுற்றோருக்கான வீட்டு மாற்ற மானியம் மட்டும் நிலைத்தது. அது சட்டப்படி கட்டாயம் என்பதே அதன் காவல்.

அரசுப் பணத்தில் நடக்கும் வேலை தரமாக இருக்குமா என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இதில் ஃபிலடெல்ஃபியாவிடமே கசப்பான பாடம் இருக்கிறது. 1985 மே 13 அன்று ஓசேஜ் அவென்யூவில் மூவ் என்ற அமைப்பினர் இருந்த வரிசை வீட்டின் மீது காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். எரியவிட்ட தீ 61 வீடுகளைத் தின்றது. நகரம் அந்த வீடுகளைத் தன் செலவில் திரும்பக் கட்டித்தந்தது. கட்டியது அவ்வளவு மோசமாக இருந்ததால் கூரையும் குழாயும் மின்கம்பியும் ஆண்டுக்கணக்கில் தொல்லை தந்தன. 2000இல் நகரம் அந்த வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வர வேண்டியதாயிற்று. அவசரத்தில் ஆளைத் தேர்ந்தெடுத்து, மேற்பார்வையில்லாமல் பணத்தைக் கொட்டினால் இதுதான் நடக்கும். இதற்கு மாற்று, பணத்தை நிறுத்துவது இல்லை. வேலை முடியும்முன் பணம் தராத கணக்காளர், ஒப்பந்தக்காரரைச் சாராத பரிசோதகர், வீட்டுக்காரரின் கையொப்பம் இல்லாமல் கடைசித் தவணை இல்லை என்ற விதி ஆகியவை அந்த மாற்று. சிறு வேலைகள் பல என்பதால் ஒவ்வொன்றையும் பார்க்க ஆள் வேண்டும். நிர்வாகச் செலவு என்று இகழப்படும் அந்த ஆள்தான் இங்கே உண்மையான காவலர். வேலைக்குத் தகுந்த கூரைக்காரர்களும் குழாய்க்காரர்களும் போதாமல் ஒதுக்கிய பணமே கிடந்துபோவதும் உண்டு. பயிற்சிக்கும் ஒரு பங்கு வைக்காமல் திட்டம் நடக்காது.

பணத்துக்கு எங்கே போவது என்பது கடைசி ஆட்சேபம். இடிப்பதற்குப் பணம் இருந்தது என்பதே முதல் பதில். 2001இல் மேயர் ஜான் ஸ்ட்ரீட் தொடங்கிய பகுதி மாற்றத் திட்டத்துக்கு நகரம் 29.5 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அதில் பெரும்பங்கு பாழ்வீடுகளை இடிக்கப் போனது. இடிந்து விழும் வீட்டை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் இடித்த மனையும் சும்மா கிடப்பதில்லை. 2010இல் நகரத்துக்காகச் செய்த ஆய்வு, ஏறத்தாழ 40,000 வெற்று மனைகள் அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பில் 360 கோடி டாலரைக் குறைத்திருப்பதாகவும், அவற்றைப் பராமரிக்க ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் நகரம் செலவிடுவதாகவும் கணக்கிட்டது. ஒவ்வொரு பாழ்வீட்டுக்கும் பின்னால் எப்போதோ ஒரு சிறு ஒழுகல் இருந்திருக்கும். அதை அன்றே அடைத்திருந்தால் ஆன செலவு ஒரு கூரைத்தாளின் விலை. இரண்டாவது பதிலையும் ஃபிலடெல்ஃபியாவே தந்தது. பழுதுபார்ப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டுபோனபோது, நகர மன்றம் சொத்துக் கைமாற்ற வரியைச் சிறிது உயர்த்தி, அதைக் காட்டி 10 கோடி டாலர் திரட்டியது. வீடு கைமாறும்போது வாங்கிய வரி வீடு காப்பவரிடம் போய்ச்சேர்ந்தது. நகரத்தில் வீட்டு விலை ஏறும்போதெல்லாம் பழையவர்கள் கூரைக்கும் பணம் ஏறும் இந்த இணைப்பு எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது.

2022 சூலையில் பென்சில்வேனியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த செனட்டர் நிக்கில் சவல் முன்னின்று கொண்டுவந்த முழுவீட்டுப் பழுதுபார்ப்புத் திட்டத்துக்கு, கொரோனாக் கால மத்திய நிதியிலிருந்து 12.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. வட்டார நடுமட்ட வருமானத்தில் 80 விழுக்காட்டுக்குள் வருமானம் உள்ள வீட்டுக்காரருக்கு 50,000 டாலர் வரை மானியம். சிறு வாடகை வீட்டுக்காரர்களுக்கு நிபந்தனையைக் கடைப்பிடித்தால் தள்ளுபடியாகும் கடன். தொழிலாளர் பயிற்சிக்கும் ஒரு பங்கு. நகரத்து ஜனநாயகக் கட்சிக்காரர்களும் கிராமத்துக் குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்து வாக்களித்தார்கள். ஒழுகும் கூரைக்குக் கட்சி இல்லை என்பதால் அது முடிந்தது. பணத்தை மாவட்ட நிர்வாகங்கள் வழங்கின. பல மாவட்டங்களில் விண்ணப்பம் பெறத் தொடங்கிய சில நாட்களிலேயே பணத்துக்கு மிஞ்சிய விண்ணப்பங்கள் குவிந்து, கதவை மூட வேண்டியதாயிற்று. ஆனால் அது ஒரு முறைப் பணம். ஏரி மராமத்தை ஒரே ஒரு ஆண்டு மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடும் ஊர் இல்லை. கூரைக்கும் அப்படி ஆண்டுதோறும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்குங்கள் என்பதே உள்ளாட்சிகளை நோக்கியும் மாநிலங்களை நோக்கியும் வைக்க வேண்டிய கோரிக்கை. 2023இல் பென்சில்வேனியா வரவு செலவுத் திட்டத்தில் இதற்காக 5 கோடி டாலர் முதலில் எழுதப்பட்டது. அதைச் செலவிட அனுமதிக்கும் துணைச் சட்டம் நிறைவேறவில்லை, பணம் எந்த வீட்டுக்கும் போய்ச்சேரவில்லை.